ஊர்ப் புத்தகத்தில் நெய்டாவின் பெயர்

ஜூன் எங்கள் மலைப்பக்கத்தில் நடுக்குளிர்காலம், ஆனாலும் ஹாச்சோக்கோ ஊரில் யாரும் குளிரைத் திட்டுவதில்லை. குளிர் குறைந்தால்தான் திட்டுவார்கள். புல்தரையில் பரப்பிய உருளைக்கிழங்கு மூன்று ராத்திரி கல்லாக உறைய வேண்டும், பகல் வெயிலில் இளக வேண்டும், அப்புறம் அதை வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிய வேண்டும். அப்படிச் செய்து காய்ந்ததற்குத்தான் சுன்யோ என்று பெயர். ஒழுங்காகக் காய்ந்த சுன்யோ பத்து வருஷம் கெடாமல் கிடக்கும். ஒரே ஒரு ராத்திரி மேகம் கூடிக் குளிரைக் கெடுத்துவிட்டால் குவியல் மொத்தமும் அழுகிப் பன்றிக்குப் போகும். அதனால் செவெரோ சாம்பில்லா வருஷா வருஷம் ஜூன் முழுக்க வானத்தைப் பார்த்தபடியே இருப்பார். இந்த வருஷம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ரோட்டை.

ஏரிக்கரை நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஊருக்கு வரும் மண்ரோடு அது. வண்டி வந்தால் வண்டிக்கு முன்னால் புழுதி தெரியும். ஒன்பது நாளைக்கு முன்னால் அவருடைய மகள் நெய்டா அந்தப் புழுதியில்தான் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் நாலாம் வருஷம். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலை செவெரோ, மனைவி டெல்ஃபினா, நெய்டா மூவரும் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கு நசுங்கிக் காலடியில் சளக் சளக்கென்று தண்ணீர் வந்தது. பனித்தண்ணீர் முதலில் காலைச் சுடும், அப்புறம் கால் இருப்பதே தெரியாது.

"என்னடி, கோழி கிளறுற மாதிரி மிதிக்கிற?" என்றாள் டெல்ஃபினா. "ஆஸ்பத்திரித் தரையில நடந்து நடந்து குதிகால் மெத்துன்னு ஆயிடுச்சு உனக்கு. இடுப்பை அசைச்சு மிதி."

"மிதிச்சுகிட்டுதான்மா இருக்கேன். நீ வாயால மிதிக்கிறத நிறுத்து."

"உங்கப்பனைப் பாரு. ஊர்த்தலைவரு. ரோட்டைப் பாத்துகிட்டே ஒரே கிழங்கை அரைமணியா மிதிக்கிறாரு. அது செத்துப் போச்சுய்யா, விட்டுடு."

செவெரோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன் நெய்டாவின் போன் அதிர்ந்தது. மூன்று பேரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். அவள் ஈரக்காலோடு கல்சுவர் மூலைக்கு ஓடினாள். ஊரில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

திரும்பி வந்து சொன்னாள்.

"வக்கீலம்மா. கைது உத்தரவுல கையெழுத்து ஆயிடுச்சாம். இன்னைக்கோ நாளைக்கோ வருவாங்களாம். புத்தகத்தையும் கேப்பாங்களாம். அது கையில கிடைச்சா அதுல கைநாட்டு வெச்ச நூத்தி நாப்பத்தி மூணு பேர் மேலயும் வழக்காம். கிடைக்கலைன்னா என் மேல மட்டும்தான்."

புத்தகம் என்றால் ஊர்ப் புத்தகம். ஜனவரியில் நடந்த கூத்தைச் சொன்னால்தான் இது விளங்கும்.

எங்கள் ஏரிப்பக்கத்து ஊர்களில் எது நடந்தாலும் பெயர் கூப்பிடுவார்கள். வாய்க்கால் வெட்டினாலும், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தாலும், செத்தவரைப் புதைத்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும், வந்தவர் புத்தகத்தில் கைநாட்டு வைக்கவேண்டும். வராதவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் அந்த வீட்டுக்குப் பாசனத் தண்ணீர் கடைசி முறை. ஊர் வேலையாக வெளியே அனுப்பப்பட்டவருக்கு மட்டும் கோடு கிடையாது. அவர் பெயருக்கு நேரே 'ஊர் வேலையாகப் போயிருக்கிறார்' என்று எழுதுவார்கள். எங்கே இருந்தாலும் அவர் வந்த கணக்கு.

ஜனவரியில் நகரத்தில் ஊர்வலத்துக்குப் போனவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களுக்கு நியாயம் கேட்டு அடுத்த வாரம் ஏரிக்கரை ஊரெல்லாம் கிளம்பியது. ஹாச்சோக்கோவும் கிளம்பியது. கிளம்பின ஊர் என்ன செய்தது? நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் பெயர் கூப்பிட்டது. அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போகிறவர்கள், பெயர், அடையாள அட்டை எண், கைரேகை எல்லாம் சேர்த்துப் பட்டியல் போட்டுக்கொண்டு போனதை உலகத்தில் வேறு எங்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் ஆட்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. ஊர் வேலை, பெயர் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

எழுதவேண்டியவர் ஊர்ச் செயலாளர் பொலிகார்ப்போ, டெல்ஃபினாவின் அண்ணன். அன்று காலை அவருடைய கண்ணாடியை ஆடு மிதித்துவிட்டது. "மருமகளே, நீ எழுது, உன் கையெழுத்து மணிமணியா இருக்கும்" என்றார். லீவுக்கு வந்திருந்த நெய்டா எழுதினாள். கீழே 'எழுதியவர்' என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். லீமாவிலும் தாக்னாவிலும் பிழைக்கிற பிள்ளைகள், தங்கள் வீட்டுக்குக் கோடு விழவில்லை என்று தெரிந்துகொள்ளட்டுமே என்று பொலிகார்ப்போ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப்பில் போட்டார்.

அது அங்கிருந்து எங்கே போனது, யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மார்ச்சில் ஃபேஸ்புக்கில் வந்தது. கூடவே இன்னொரு படம். ஊர்த்தலைவர் பதவி எங்களிடம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான், இருவரும் தோளில் சாட்டை போட்டுக்கொள்வார்கள். அது பதவிக்கு அடையாளம், யாரையும் அடிப்பதற்கில்லை. ஊர்வலத்தில் டெல்ஃபினா சுமை கட்டிய முதுகுத்துணியை இறுக்கிக் கட்டுவதற்காகச் சாட்டையைக் கழற்றி, "பிடிடி ஒரு நிமிஷம்" என்று மகளிடம் கொடுத்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் எவனோ படம் எடுத்துவிட்டான். 'பயங்கரவாதத் தலைவி நெய்டா சாம்பில்லா. நர்ஸ் உடையில் ஒளிந்திருக்கும் கொலைகாரி. ஆள் சேர்த்த பட்டியல் இதோ' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஆயிரக்கணக்கில் வசவு. மலைக்குப் போய் ஆடு மேய்க்கச் சொன்னவர்கள் பாதிப்பேர். அதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆடு அவள் மேய்த்ததுதான். மீதிப்பேர் எழுதியதை அவள் அம்மாவுக்குப் படித்துக்காட்டவே இல்லை. அவள் பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி, இவள் எனக்கு ஊசி போடக்கூடாது என்று கையை இழுத்துக்கொண்டார். அன்று மட்டும் போனில் அழுதாள்.

மத்தியானம் பொலிகார்ப்போ வந்தார். முதுகுத்துணிக்குள் புத்தகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். புதுக்கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கியது. டெல்ஃபினா சுன்யோக் கஞ்சியும் சீஸ் துண்டும் எடுத்துவைத்தாள். அவர் தொடவில்லை.

"சாப்பிடுண்ணே. நீ பட்டினி கிடந்தா போலீஸ் திரும்பிப் போயிடுமா?"

"எந்த வாயை வெச்சுகிட்டுச் சாப்பிடுவேன் தங்கச்சி? போட்டோ போட்டது நான்."

"பேர் கூப்பிடச் சொன்னது நான்" என்றார் செவெரோ. பிறகு யாரையும் பார்க்காமல், "அடுப்பு எரிஞ்சுகிட்டுதான் இருக்கு மச்சான். போட்டுடுவோம்."

பொலிகார்ப்போ புத்தகத்தை மடியில் அழுத்திக்கொண்டார். "எல்லைக்கல் நட்டது இதுலதான் இருக்கு. பக்கத்து ஊர்க்காரன் ஏரிக்கரை நாணலைக் கேட்டு வந்தா எதைக் காட்டுவே?"

"அந்த ஒரு பக்கத்தைக் கிழி."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டு முத்திரை குத்தியிருக்கு. ஒண்ணு கிழிஞ்சாலும் புத்தகம் செல்லாது."

"செல்லாட்டிப் போகுது! நாணல் போனா போகுது! எனக்கு இருக்கிறது ஒரு பொண்ணு!" செவெரோ கத்தியதில் முற்றத்து நாய் எழுந்து நின்றது. மனுஷர் குரல் உயர்த்திப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

டெல்ஃபினா அகப்பையைக் கீழே வைத்தாள். "எங்கப்பன் விரல் ரேகை அதுல இருக்கு. அந்த ஆளுக்குப் போட்டோ கிடையாது. கல்லறைச் சிலுவையும் காத்துல போயிடுச்சு. அந்த ஒரு விரல்தான் மிச்சம். என் பொண்ணைக் காப்பாத்தும்னா நானே எடுத்து அடுப்புல போடுவேன். காப்பாத்துமா? அதைச் சொல்லு மனுஷா."

நெய்டாதான் பதில் சொன்னாள். "காப்பாத்தாதும்மா. அந்த ஒரு பக்கம் போட்டோவா அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அதுல என் பேரும் கையெழுத்தும்தான் தெளிவா இருக்கு, மத்தவங்க கைரேகையெல்லாம் மங்கல். எரிச்சா, மறைச்சேன்னு இன்னொரு வழக்கு. மாமா, பழைய சுன்யோ இருக்கிற உங்க பத்தாயத்துல அடியில போட்டு வைங்க. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"என்னத்தடி பாத்துக்குவே?"

"கஞ்சி ஆறுதும்மா" என்றாள் அவள்.

மறுநாள் காலை புழுதி தெரிந்தது. இரண்டு வண்டி. ஓடச் சொல்லலாம் என்று செவெரோ வாயைத் திறந்தார். முன்னால் ஏரி, பின்னால் வெட்டவெளி, மறைய ஒரு மரம் கிடையாது. எங்கே ஓடுவாள்? வாயை மூடிக்கொண்டார். நெய்டா மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அதிகாரி பூட்ஸ் காலோடு கிழங்குப் பரப்பின் நடுவே நடந்து வந்தார். சுன்யோவைச் செருப்புக்காலால் மிதிப்பதைப் பார்த்தால் எங்கள் பெண்கள் மலையதிர வைவார்கள். டெல்ஃபினா அன்று ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த இளம் போலீஸ்காரன் மட்டும் பரப்பைச் சுற்றிக்கொண்டு வந்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதிகாரி தாளைப் படித்தார். ஆள் சேர்த்தது, வன்முறைக்குத் தூண்டியது, இன்னும் என்னென்னவோ. பிறகு செவெரோவைப் பார்த்து, "நீதானே தலைவர்? புத்தகம் எங்க?" என்றார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் நெய்டா.

"உன்னைக் கேக்கல."

"நான்தான் சொல்லணும். அது ஊர்ப் புத்தகமே இல்ல. நான் கொண்டுவந்த நோட்டு. பட்டியல் போட்டது நான். இவங்களுக்கு என்ன ஏதுன்னே தெரியாது. விதை உருளைக்கிழங்கு தர்றாங்க, கைநாட்டு வைங்கன்னு சொன்னேன், வெச்சாங்க. பாதிப்பேருக்குப் படிக்கவே தெரியாது. எங்கம்மாவுக்கும் தெரியாது. எதைக் காட்டினாலும் வெச்சிருப்பாங்க. நோட்டை அப்பவே ஆத்துல வீசிட்டேன்."

கேட்டுக்கொண்டிருந்த டெல்ஃபினாவின் முகம் சிவந்தது. மகள் ஏன் சொல்கிறாள் என்று முதல் வார்த்தையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் சுட்டது. நியாயம் கேட்கப் போகிறோம் என்று தெரிந்தே பன்னிரண்டு மணி நேரம் நடந்து போனவள் அவள். கால் வீங்கித் திரும்பி வந்தவள். விதைக்கிழங்குக்கு ஆசைப்பட்டுப் போனதாக அவள் பெற்ற பெண்ணே சொல்கிறாள், அதையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டார். வீட்டுக்குள் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், மெத்தையைக் கிழித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "கிளம்பு" என்றார்.

"கால் கழுவாம என் பொண்ணு எங்கயும் வரமாட்டா" என்றாள் டெல்ஃபினா.

"நேரம் இல்லம்மா."

"அப்ப என்னையும் சேத்துக் கட்டி இழுத்துட்டுப் போ."

இளம் போலீஸ்காரன் அதிகாரி காதில் ஏதோ சொன்னான். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றார். டெல்ஃபினா கெட்டிலிலிருந்து வெந்நீர் எடுத்துவந்து மகளைக் கல்லில் உட்காரவைத்தாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த கிழங்குத் தோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். நேரம் கடத்தினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

"அம்மா, நான் சொன்னது..."

"தெரியுதுடி. வாயை மூடு. காலை நீட்டு."

தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி மகளுக்கு மாட்டிவிட்டாள். வண்டி போன பிறகு வெறுங்காலோடு அதே இடத்தில் வெகுநேரம் நின்றாள். செவெரோ பூட்ஸ் பதிந்த கிழங்குகளைப் பொறுக்கித் தனியாகப் போட்டார்.

பதினெட்டு மாதம் உள்ளே வைத்து விசாரிக்கலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வக்கீலம்மா போனில் செவெரோவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அவ சொன்னபடியே நில்லுங்க ஐயா. புத்தகம் வெளிய வரக்கூடாது. புதுசா எதையும் எழுதிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஃபேஸ்புக்கில் மறுபடி வந்தது. இந்த முறை பொலிகார்ப்போவைப் பக்கத்தில் உட்காரவைத்து டெல்ஃபினா படிக்கச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கிப் படித்தார். 'எழுத்தறியாத அப்பாவி மலைக்காரர்களை விதைக்கிழங்கு காட்டி ஏமாற்றிய பயங்கரவாதி. பாவம் அந்த ஏழை ஜனங்கள். எதற்குப் போகிறோம் என்றே தெரியாமல் ஆட்டுமந்தையாகப் போயிருக்கிறார்கள்.'

"எத்தனை பேர் எழுதியிருக்காங்க, பாவம்னு?"

"நிறையப் பேர்."

"மார்ச்சுல நம்மளைக் கொலைகாரங்கன்னாங்க" என்றாள் டெல்ஃபினா. "அதைக்கூடத் தாங்கிகிட்டேன்."

ஜூலை முதல் ஞாயிறு ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். மெல்லுவதற்குக் கோக்கா இலை கைமாறியது. புத்தகம் இல்லாமல் கூட்டம் கிடையாது. பொலிகார்ப்போ அதைப் பத்தாயத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார், அட்டையில் சுன்யோ மாவு படிந்திருந்தது. பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எழுந்து வந்து விரலை வைத்தார்கள். ஊர்க்கூட்டத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில்லை, பதினெட்டு வயது முடிந்து பதிவான எல்லார் பெயரும் வரிசையில் உண்டு. அவள் பெயரும் உண்டு.

"நெய்டா சாம்பில்லா கலிசாயா" என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார். பழக்கதோஷத்தில் கை சிவப்புப் பேனாவுக்குப் போயிருந்தது.

டெல்ஃபினா எழுந்தாள். தோளில் சாட்டை இருந்தது. "ஊர் வேலையாப் போயிருக்கா. அப்படி எழுது."

"தங்கச்சி..."

"எழுதுண்ணே. நம்மதான் அனுப்பினோம். நம்ம வேலைக்குத்தான் போயிருக்கா."

எமெத்தேரியோ எழுந்தார். மகன் லீமாவில் அரசாங்க வேலையில் இருக்கிறான். "கோவிச்சுக்காதே டெல்ஃபினா. அந்தப் பொண்ணு நம்மளைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்லிட்டுப் போச்சு. இப்ப நம்மளே எழுதி வெச்சா, அது பட்ட பாடு வீணாப் போகாதா? இன்னைக்கு எழுதுறது நாளைக்கு அவன் கையில போனா நம்ம எல்லாருக்கும் விலங்கு. எனக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. பலர் தரையைப் பார்த்தார்கள்.

"எனக்கும் அதே பயம்தான் அண்ணே" என்றாள் டெல்ஃபினா. "ஆனா அவ தலைவி, நம்மளை ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா, அதுதானே வழக்கு? நம்ம அவளைப் போகச் சொன்னோம்னா அப்புறம் அவ எப்படித் தலைவி? எனக்குப் படிக்கத் தெரியாது. எதுக்குப் போனேன்னு தெரியும். உங்க யாருக்காச்சும் தெரியாமப் போயிருந்தா கை தூக்குங்க. விதைக்கிழங்குக்காக வந்தவங்க கை தூக்குங்க."

யாரும் கை தூக்கவில்லை. சத்துர்னீனா என்கிற விதவை மட்டும், "விதைக்கிழங்கு தர்றதா இருந்தா இப்பவும் வாங்கிக்கிறேன்" என்று முணுமுணுத்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள், சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பொலிகார்ப்போ செவெரோவைப் பார்த்தார். தலைவர் சொல்லாமல் எழுத முடியாது. வக்கீலம்மா சொன்னது செவெரோவின் காதிலேயே இருந்தது. எழுதினால் மகள் சீக்கிரம் வருவாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வராமலே போகலாம், கூடவே தானும் போகலாம். இந்தப் புத்தகத்தைத்தான் அடுப்பில் போடச் சொல்லிக் கத்தினார். அங்கே அந்தக் குளிரில் அவள் யாருமில்லாதவளாகப் படுத்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"எழுது மச்சான்" என்றார். "நல்ல கையெழுத்துல எழுது. அவ எழுதினது மாதிரி."

'நெய்டா சாம்பில்லா கலிசாயா, ஊர் வேலையாகப் போயிருக்கிறாள். அனுப்பியவர்கள் நாங்கள்.' பொலிகார்ப்போ எழுதிமுடித்து உரக்கப் படித்தார். டெல்ஃபினா முதலில் விரலை வைத்தாள். அழுத்தி வைத்தாள், மை சுற்றிலும் பிதுங்கியது. செவெரோ வைத்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் எழுந்திருக்கவில்லை, அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எமெத்தேரியோ கடைசியில் வந்தார். விரலை வைத்துவிட்டு வெகுநேரம் அதைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

மை காயக் காற்றில் பிடித்திருந்தார் பொலிகார்ப்போ. அப்புறம் பையிலிருந்து போனை எடுத்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் ஒரு படமும் எடுத்ததில்லை. பக்கத்தைப் போட்டோ எடுத்தார். ஊர் வாட்ஸ்அப்பைத் திறந்துவைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"போடு" என்றாள் டெல்ஃபினா.